இழுப்பும் தடையும்: கரையில் நின்று விசை படிக்கும் முறை

சென்ற அத்தியாயத்தில் தூரத்தையும் நேரத்தையும் திணிவையும் அளக்கப் பழகினோம். அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு இனி விசைக்கு வருவோம்.

பத்தாந்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றிடம், புத்தளம் களப்பில் போய்க்கொண்டிருக்கும் பைபர் போட் ஒன்றைக் காட்டி, "இது எதனால் ஓடுது?" என்று கேளுங்கள். "எஞ்சின் தள்ளுது சேர்" என்று உடனே பதில் வரும். "எஞ்சின் தள்ளிக்கொண்டேதானே இருக்குது, அப்ப வேகம் ஏன் கூடிக்கொண்டே போகல்ல?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். நியூற்றனின் மூன்று விதிகளையும் ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிற பிள்ளையும் இங்கே திகைத்து நிற்கும். குறை பிள்ளையிடம் இல்லை. ஓடுகிற பொருளைப் பார்த்தால் நம் கண் தள்ளுவதை மட்டும் தேடும், தடுப்பதைத் தேடாது. எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் எதிரே தடுக்கிறது, ஆகவே வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று சொல்லத் தெரிந்தால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிந்தது.

ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க விசை தேவையில்லை. ஓட்டம் மாறத்தான் விசை தேவை. கூட, குறைய, திரும்ப: இந்த மூன்றில் எது நடந்தாலும் அங்கே சமப்படாத விசை ஒன்று இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்றால், விசையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பல விசைகள் ஒன்றை ஒன்று சமப்படுத்தி நிற்கலாம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை உள்ள கரையில் இதைப் பார்க்க வேண்டிய அத்தனையும் இருக்கிறது.

மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. 50 கிலோகிராம் வரை காட்டும் விற்றராசு ஒன்று, அளவுநாடா, செக்கன் காட்டும் கைபேசி, பத்து மீற்றர் கயிறு, கொப்பி, பென்சில். விற்றராசு கிலோகிராமில் காட்டினால் அதை 9.8 ஆல் பெருக்க நியூற்றன் கிடைக்கும். கரையில் நின்று மனக்கணக்குப் போடுகிறவருக்குப் பத்தால் பெருக்கினாலே போதும். நூறு கிராம் திணிவுள்ள ஒரு மீனை உள்ளங்கையில் வைத்தால் கையில் உணர்வது ஏறக்குறைய 1 நியூற்றன். இந்த உணர்வைக் கை மறக்காமல் வைத்திருக்கட்டும்.

கரைவலை

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, முந்தலுக்கு மேற்கே கடலோரமாக உடப்பு இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயிலும் ஆடித் தீமிதிப்பும் ஊரை வெளியில் அறியச் செய்தன என்றால், ஊருக்குச் சோறு போட்டது கரைவலை. வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) காலத்தில் இந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் வலை வளைப்பார்கள். சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) கிளம்பினால் கடல் கொந்தளிக்கும், கரைவலை நிற்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் வேலையும் அந்த மாதங்களில் இதே காரணத்தால்தான் நிற்கிறது. ஆகவே கரைவலை பார்க்கும் பயணத்தை ஒக்டோபருக்குப் பிறகு, ஏப்ரலுக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கரைவலையின் வேலை முறை எளியது. கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்கும். மறு பக்கத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கி, இரண்டாவது கயிற்றின் தலைப்பைத் தொலைவில் வேறொரு இடத்தில் கரை சேர்ப்பார்கள். பிறகு இரண்டு அணிகள் இரண்டு கயிறுகளையும் இழுக்கும். வலையின் நடுவே மீன் சேரும் பை இருக்கிறது, அதுதான் மடி. இழுக்க இழுக்க அணிகள் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். மடி கரையை நோக்கி வரும்.

முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ இழுப்பை நடத்தும் மண்டாடியிடமோ கேட்டு அனுமதி பெறுங்கள். கயிறு வளையமாகக் கிடக்கும் இடத்துக்குள் காலை வைக்காதீர்கள். விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் அது தன் நீளத்தின் வழியே திரும்பி வீசும். அந்த நேர்கோட்டில் நிற்பதும் ஆபத்து. பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

கரைக்கு வந்துகொண்டிருக்கும் கயிற்றில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டச் சொல்லி, அது பத்து மீற்றர் நகர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். மீண்டும் ஒருமுறை, சற்று நேரம் கழித்து இன்னொருமுறை பாருங்கள். 50 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வலை செக்கனுக்கு 0.2 மீற்றர் வீதம் வருகிறது. மூன்று முறையும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், வேகம் மாறவில்லை. வேகம் மாறவில்லை என்றால் வலையின் மேல் எல்லா விசைகளும் சேர்ந்த விளையுள் விசை பூச்சியம்.

இருபது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுக்கிறார்கள். விளையுள் விசை பூச்சியம். இந்த வாக்கியத்தை மாணவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள். கொப்பியில் வலையை ஒரு புள்ளியாகப் போட்டு அம்புக்குறிகளை வரையச் சொல்லுங்கள். கரையை நோக்கி ஓர் அம்பு: கயிற்றின் இழுவை. கடலை நோக்கி எத்தனை? வலைக் கண்களுக்கூடாகப் புகும் தண்ணீரின் தடை ஒன்று. மடியும் அடிக்கயிறும் கடல்தரையில் உரசுவதால் வரும் உராய்வு இன்னொன்று. அன்றைக்கு நீரோட்டம் எதிராக இருந்தால் தண்ணீரின் தடை இன்னும் கூடும். இந்தக் கடற்பக்கத்து அம்புகளின் மொத்தம், கரைப்பக்கத்து அம்புக்குச் சமம். அவ்வளவு உழைப்பும் வேகத்தைக் கூட்டப் போகவில்லை. தடையை வெல்லப் போகிறது. தண்ணீரைச் சுழலச் செய்து, மணலைக் கிளறி, கடைசியில் வெப்பமாகி மறைகிறது.

அப்படியானால் இன்னும் வேகமாக இழுத்தால் என்ன? இங்கேதான் கணக்குச் சுவைக்கிறது. தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இருபது பேர் ஆளுக்கு 200 நியூற்றன் வீதம் இழுக்கிறார்கள் என்றும், தடை முழுவதும் தண்ணீரின் தடையே என்றும் கொள்வோம். மொத்தம் 4,000 நியூற்றன். செக்கனுக்கு 0.2 மீற்றர் வேகத்தில் இதற்கு வேண்டிய வலு 800 உவாற்று. ஆளுக்கு 40 உவாற்று. ஒரு மனிதர் மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்து வெளிப்படுத்தக்கூடிய வலு ஏறக்குறைய 75 உவாற்று. ஆக இது தாங்கும். வேகத்தைச் செக்கனுக்கு 0.4 மீற்றர் ஆக்குவோம். தடை 16,000 நியூற்றன். வலு 6,400 உவாற்று. ஆளுக்கு 320 உவாற்று. சில நிமிடங்களில் ஆள் விழுந்துவிடுவார். வேகம் இரு மடங்கு, வலு எட்டு மடங்கு. கரைவலைக்காரர் நிதானமாக இழுப்பதைச் சோம்பல் என்று நினைக்கிறவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மனிதருக்குப் பதிலாக டிராக்டரில் விஞ்ச் பூட்டி இழுக்கும் வழக்கம் இலங்கைக் கரைகளில் பரவி, அது வேண்டும் வேண்டாம் என்று நீண்ட சர்ச்சையாகிவிட்டது. தொழிலாளர் பற்றாக்குறை, கூலி, கடல்தரை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இயற்பியலின் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்று. ஆள் இழுக்கும்போது வலை எங்காவது கடலடிப் பாறையில் மாட்டினால் கை உடனே உணரும், இழுப்பு நிற்கும். எஞ்சினுக்கு அந்த உணர்வு இல்லை. கயிற்றின் இழுவை ஏறிக்கொண்டே போகும், கயிறோ வலையோ கடல்தரையோ ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கும் வரை. விஞ்ச் பக்கத்தில் நிற்கும் ஆளின் உயிருக்கும் இதே கணக்குத்தான்.

வலை இழுக்கும்போது பாடும் உடப்பின் அம்பாப் பாடல்களை நாட்டார் இலக்கியமாகப் போற்றுகிறார்கள். போற்ற வேண்டியவைதான். ஆனால் அம்பாவுக்கு இன்னொரு வேலை உண்டு. மணலில் புதைந்து நிற்கும் வலையை அசைக்க 1,500 நியூற்றன் வேண்டும் என்று வையுங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 200 நியூற்றன் வீதம், ஒருவர் பின் ஒருவராக இழுத்தால் எந்தக் கணத்திலும் கயிற்றில் இருப்பது 200 நியூற்றன்தான். நாள் முழுக்க இழுத்தாலும் வலை அசையாது. பத்துப் பேரும் ஒரே கணத்தில் இழுத்தால் 2,000 நியூற்றன்; வலை கிளம்பிவிடும். விசைகள் கூட வேண்டுமானால் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அந்தத் தாளம் அந்த ஒரே நேரத்தைத் தருகிறது. மாணவர்களை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்: மணல் நிரப்பிய சாக்கு ஒன்று, ஒரு கயிறு, ஆறு பேர். முதலில் தாளமில்லாமல், பிறகு ஒருவர் குரல் கொடுக்க. இரண்டு முறையும் கயிற்றில் விற்றராசைக் கோர்த்து அதன் உச்ச அளவைக் குறியுங்கள். சாக்கு பாரமாக இருந்தால் அளவு விற்றராசின் எல்லையைத் தாண்டிவிடும். பாதி மணலோடு தொடங்குங்கள்.

இப்போது வலை இழுக்கிறவரின் கையை விட்டுக் காலைப் பாருங்கள். கயிற்றை அவர் தன் பக்கம் இழுக்கும் அதே அளவுக்குக் கயிறு அவரைக் கடல் பக்கம் இழுக்கிறது. இதுதான் மூன்றாம் விதி. அப்படியிருந்தும் அவர் கடலுக்குள் போய்விடாமல் நிறுத்துவது மணல். குதிகாலை ஊன்றி மணலைக் கடல் பக்கமாக அவர் தள்ளுகிறார். மணல் அவரைக் கரைப்பக்கமாகத் தள்ளுகிறது. அணி நகர்ந்து போன பிறகு அந்த இடத்தில் குதிகால் தோண்டிய குழிகளைப் பாருங்கள். ஒவ்வொரு குழிக்கும் கடல் பக்கம் ஒரு சிறு மணல்மேடு குவிந்திருக்கும். மூன்றாம் விதியின் தடயம் அது. படம் எடுத்து வையுங்கள். எந்தப் பாடப்புத்தகப் படமும் அதற்கு ஈடாகாது.

உடம்பு பின்னால் சாய்வதற்கும் காரணம் உண்டு. கயிறு இடுப்பு உயரத்தில் இழுக்கிறது. கால் கீழே ஊன்றியிருக்கிறது. நேராக நின்றால் கயிறு அவரை முகங்குப்புறத் தள்ளித் திருப்பிவிடும். பின்னால் சாய்ந்தால் உடம்பின் நிறை எதிர்ப்பக்கமாகத் திருப்புகிறது. இரண்டு திருப்பமும் சமப்படும் சாய்வில் ஆள் நிலையாக நிற்கிறார். இழுவை கூடினால் சாய்வும் கூடும். கயிறு சட்டென்று தளர்ந்தால் ஏன் மல்லாந்து விழுகிறார் என்பதை மாணவரே சொல்லட்டும்.

கயிறிழுத்தல் போட்டிக்கும் இதே விளக்கம்தான். எடை குறைந்த கயிற்றின் இரு முனையிலும் இழுவை ஏறக்குறைய ஒன்றே. வெல்கிற அணி கயிற்றைக் கூடுதலாக இழுத்த அணி இல்லை. நிலத்தைக் கூடுதலாகத் தள்ளிய அணி. சீமெந்துத் தரையில் மணல் தூவி ஒரு பக்கத்தை நிறுத்திப் பாருங்கள், எவ்வளவு பலசாலிகளானாலும் வழுக்கிக்கொண்டு வருவார்கள்.

அணிகள் நெருங்கி வருவதன் பயனை மீன் தப்பாமல் வாயை மூடுவது என்று மட்டும் சொல்வது வழக்கம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கயிற்றிலும் 2,000 நியூற்றன் என்று வையுங்கள். இரண்டு கயிறும் மடியில் 120 பாகைக் கோணத்தில் விரிந்திருந்தால், மடியைக் கரைக்கு இழுக்கும் விளையுள் விசை 2,000 நியூற்றன் மட்டுமே. பாதி ஆட்களின் உழைப்புக்குச் சமமான அளவு, ஒரு கயிறு மற்றதை எதிர்ப்பதில் போய்விடுகிறது. 90 பாகையில் 2,828. 60 பாகையில் 3,464. கயிறுகள் இணையாகிவிட்டால் முழு 4,000. வலை வளைந்து கிடப்பதால் உண்மையில் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனாலும் போக்கு இதுதான். தாளில் அளவுத்திட்டம் வைத்து இணைகரம் வரைந்து இந்த நான்கு எண்களையும் பெறச் செய்யுங்கள். நூறு நியூற்றனுக்கு ஒரு மில்லிமீற்றர் போதும்.

மடி கரையை நெருங்கும் கட்டம் கடைசிப் பாடம். தண்ணீருக்குள் மீன் ஏறக்குறைய நிறையற்றது போலத்தான் இருக்கும். அதன் நிறையைத் தண்ணீரின் மேலுதைப்பு தாங்கிக்கொள்கிறது. மடியில் 500 கிலோகிராம் மீன் இருந்தாலும் கடலுக்குள் அது பாரமாகத் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கு வந்து மீன் வெளியே தெரியத் தொடங்கியதும் மேலுதைப்பு குறையும். மீனின் நிறையான 4,900 நியூற்றன் முழுவதும் மணலில் உட்காரும். அதோடு உராய்வும் ஏறும். இந்த இடத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் மடி கிழியும். மண்டாடி கையைக் காட்டி, "நில்லுங்க, அலை வரட்டும்" என்பார். அலை உள்ளே ஏறும்போது மேலுதைப்பும் திரும்பி வரும், தண்ணீரின் தள்ளலும் கரைப்பக்கமாக இருக்கும். அந்த இரண்டு மூன்று செக்கனில் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். அலை திரும்பும்போது பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆர்க்கிமிடீஸின் பெயர் தெரியாவிட்டாலும் அவர் சொன்னதை இவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

மணலும் உருளையும்

மீன் பெட்டி ஒன்றை எடுத்து, மணலோ தேங்காயோ போட்டு மொத்தம் 10 கிலோகிராம் ஆக்குங்கள். விற்றராசைக் கொளுவிக் கிடையாக இழுங்கள். இரண்டு அளவுகளைக் குறிக்க வேண்டும்: பெட்டி கிளம்புகிற கணத்தில் ஒன்று, ஒரே வேகத்தில் போகும்போது ஒன்று. முதல் அளவு எப்போதும் கூட இருக்கும். நிற்கிற பொருளைக் கிளப்புவது ஓடுகிற பொருளை ஓட வைப்பதைவிடக் கடினம். பெட்டியின் நிறையால் இழுவிசையை வகுத்தால் வருகிற எண் உராய்வுக் குணகம். இதைக் காய்ந்த மணலிலும், அலை நனைத்து இறுகிய மணலிலும், சீமெந்துத் தரையிலும் செய்யுங்கள். பிறகு பாரத்தை 20 கிலோகிராம் ஆக்குங்கள். இழுவிசை இரு மடங்காகும், குணகம் அநேகமாக மாறாது.

பெட்டியைக் குறுகிய பக்கத்தில் நிமிர்த்தி இழுத்தால் என்ன ஆகும் என்று மாணவர் கேட்பார்கள். தொடுபரப்பு மாறினாலும் உராய்வு மாறாது என்பது பாடம். சீமெந்தில் அது சரிவரும். காய்ந்த மணலில் சரிவராது, ஏனென்றால் குறுகிய பக்கம் மணலுக்குள் இறங்கி முன்னால் மணலைக் குவித்துத் தள்ளத் தொடங்கிவிடும்; அது வெறும் உராய்வு இல்லை. பாடம் பொய் என்று நினைத்துவிட விடாதீர்கள். விதிக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை எங்கே என்று பெட்டி காட்டுகிறது.

படகு ஏற்றுவதற்கும் இதே கணக்கு. படகும் எஞ்சினும் சேர்ந்து 400 கிலோகிராம் என்றால் நிறை 3,920 நியூற்றன். குணகம் 0.5 ஆக இருந்தால் மட்டமான மணலில் 1,960 நியூற்றன் வேண்டும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் கரையென்றால் மேலும் ஏறக்குறைய 390 நியூற்றன். ஆளுக்கு 200 நியூற்றன் வீதம் பன்னிரண்டு பேராவது வேண்டும். அடியில் உருண்டை மரக்கட்டைகளைப் போட்டால் தேய்வுக்குப் பதில் உருளல். பாதிப் பேர் போதும். கட்டையை எடுத்து முன்னால் போடும் வேலையைச் சிறுவர்களிடம் விடாதீர்கள். சரிவில் படகு பின்னோக்கி உருண்டால் கை கட்டைக்கு அடியில் போய்விடும்.

கரை பிடித்தல்

களப்பில் படகு ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். தள்ளல் போய்விட்டது, தடை மட்டும் இருக்கிறது. படகு உடனே நிற்பதில்லை. சடத்துவம் என்று நாம் சொல்வது இதைத்தான். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டி முடித்தது 1676 இல். அதற்குப் பதினொரு ஆண்டு கழித்து, 1687 இல், நியூற்றன் தன் நூலில் இதை முதலாம் விதியாக எழுதினார். தடை இல்லாவிட்டால் படகு அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

வேகம் பாதியாகக் குறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். அந்தப் பாதி மறுபடி பாதியாவதற்கு அதைவிட நீண்ட நேரம் எடுக்கும். தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி இருந்தால், இரு மடங்கு நேரம். வேகம் குறையக் குறைய தடையும் குறைந்துவிடுவதே காரணம். நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குதுறையில் காலை வைக்கிறவருக்கும் படகு இன்னும் மெல்ல ஊர்ந்துகொண்டிருப்பது தெரியாது. படகுக்கும் துறைக்கும் நடுவே காலைக் கொடுத்துப் படகை நிறுத்தப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

படகு, ஆட்கள், மீன் சேர்த்து 600 கிலோகிராம், வேகம் செக்கனுக்கு 4 மீற்றர் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் உந்தம் 2,400 நியூற்றன் செக்கன். மென்மையான மணலில் ஏறி ஒரு செக்கனில் நின்றால் சராசரி விசை 2,400 நியூற்றன். கல்லில் மோதிப் பத்தில் ஒரு செக்கனில் நின்றால் 24,000 நியூற்றன். அதே படகு, அதே வேகம். நிற்க எடுத்த நேரம் மட்டும் வேறு. படகின் பக்கத்தில் பழைய டயர் கட்டித் தொங்கவிடுவது அந்த நேரத்தை நீட்டத்தான்.

காற்று

மே முதல் ஒக்டோபர் வரை கற்பிட்டிக் களப்பிலும் கண்டக்குளிப் பக்கத்திலும் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நீரைக் கிழித்துப் போகிறவர்களைக் காணலாம். உல்லாசப் பயணிகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் காற்றுக்குக் குறுக்கேயும், சற்றுக் காற்றை எதிர்த்தும் போகிறார்கள். காற்று தள்ளும் பக்கம்தானே பொருள் போக வேண்டும்?

அம்புகளை வரையுங்கள். பட்டத்தின் கயிறு காற்று போகும் பக்கமாகவும் மேல்நோக்கியும் சற்று முன்னோக்கியும் இழுக்கிறது. நிறை கீழே. மூன்றாவது, பலகையின் ஓரம் தண்ணீரில் வெட்டி நிற்பதால் தண்ணீர் கொடுக்கும் மறுதாக்கம். பலகை நீளவாக்கில் எளிதாக வழுக்கும், பக்கவாட்டில் வழுக்காது. அதனால் காற்றின் பக்கவாட்டு இழுப்பைத் தண்ணீர் தடுத்துவிட, முன்னோக்கிய சிறு பகுதி மட்டும் மிஞ்சுகிறது. பாய்மரத் தோணிகள் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேறியதும் இவ்வாறே. உடப்பில் கயிறு இழுக்கிறவரும் கண்டக்குளியில் பட்டத்தில் போகிறவரும் பின்னால் சாய்வது ஒரே காரணத்துக்காக.

காற்றின் விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 15 நொட் காற்று 25 நொட் ஆனால், விசை 2.8 மடங்கு. காற்று ஏறும் நாளில் சிறிய பட்டத்துக்கு மாறுவது அதனால்தான். தொடக்கக்காரர் பெரிய பட்டத்தோடு இறங்கினால் கரையில் தூக்கி அடிக்கப்படுவார். காற்றிலுள்ள வலுவோ வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு போகிறது: 4.6 மடங்கு. மாம்புரியில் 2010 இல் சுழலத் தொடங்கிய காற்றாலைகளும் அதன் பின் இந்தக் கரையில் எழுந்தவையும் சோழகக் காலத்தை நம்பியிருப்பது இந்த மூன்றாம் அடுக்கினால். கரைவலையில் எட்டு மடங்காக வந்த அதே கணக்கு இங்கே மறுபக்கமாக நமக்கு உதவுகிறது.

தென்னையும் வீதியும்

கரையை விட்டுத் தென்னந்தோட்டத்துக்குள் வருவோம். இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் இரண்டு செக்கனில் தரைக்கு வரும். காற்றின் தடையை விட்டுவிட்டால், அப்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர், மணிக்கு 72 கிலோமீற்றர். தேங்காய் பறிக்கும் தோட்டத்தில் மரத்தடியில் நிற்காதீர்கள், சைக்கிளையும் அங்கே சாத்தாதீர்கள்.

தோட்டத்தை விட்டு வீதிக்கு வருவோம். வீதியில் வாகனத்தை நிறுத்துவது பிரேக் இல்லை. பிரேக் சில்லை மட்டும்தான் பிடிக்கிறது. வாகனத்தை நிறுத்தும் விசையைத் தருவது தார்வீதிக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு. நல்ல தார்வீதியில் குணகம் 0.7 என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்த பின் 36 மீற்றர் ஓடித்தான் நிற்கும். 40 இல் போவது 9 மீற்றரில் நிற்கும். காற்று மணலை வாரி வீதியில் பரப்பியிருந்து குணகம் பாதியானால் இவை 72, 18 ஆகும். இதோடு பிரேக்கில் கால் போக எடுக்கும் ஒரு செக்கனைச் சேருங்கள். மணல் படிந்த வீதியில் 80 இல் போகிறவர் நிற்க 94 மீற்றர் வேண்டும். 40 இல் போகிறவருக்கு 29 மீற்றர்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு சோழகக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், மணல் கண்ணில் பட்டதும் அதில் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணலின் மேல் ஏறிய பிறகு பிரேக்கை இறுக்கினால் சில்லு நிற்கும், வண்டி நிற்காது.